ஐந்து பாட்டுக்கு ஒரு மனு

ராக் பேண்டுக்கு அம்மாவாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான் என்று எனக்கு முதலில் சொன்னவன் என் மகனின் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிற ஜெரால்டு. மூன்று வருஷத்துக்கு முன், குறுவை அறுப்பு சமயம். வீட்டில் கிடார் வைத்திருக்கிற தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாததா!

நெல் மூட்டை

பாபநாசத்தில் எங்கள் நெல் கொட்டகையில்தான் என் மகன் அருளும் நண்பர்கள் மூவரும் பயிற்சி எடுப்பார்கள். சுவரோரம் மூட்டை அடுக்கியிருந்தால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும். மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போன மறுநாள் தெருவே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு செல்வி வாசலில் வந்து நின்றாள். "ஏன்க்கா, நெல்லை வித்துட்டீங்கன்னு இப்படியா ஊருக்குத் தண்டோரா போடுவீங்க?"

அட்டையில் மாடு

சென்னையில் ஒரு இசைக் கம்பெனி பையன்களிடம் ஐந்து பாட்டின் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. டெல்டா பையன்கள் என்றதும் அங்கே யாரோ அவற்றைக் கிராமியப் பாடல் வரிசையில் சேர்த்து, அட்டையில் ஏர் மாடு போட்டு வெளியிட்டுவிட்டார்கள். ராக் கேட்கிறவர்கள் கண்ணில் அது படவேயில்லை. கீழ்வேளூரில் ஒருவர் மட்டும் காதுகுத்துக்குக் கூப்பிட்டார், படத்தை நம்பி, பாட்டைக் கேட்காமல். வேனிலிருந்து டிரம்ஸ் இறங்கியதும் அவர் முகம் போன போக்கு! இரண்டு பாட்டு முடிந்ததும் கிட்டே வந்தார். "தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா புள்ள காது குத்துனப்ப அழுவல, இப்பதான் அழுவுது."

ஒப்புகை அட்டை

அட்டையை மாற்றச் சொல்லி எத்தனை முறை கேட்டும் பதில் தராத கம்பெனி, காதுகுத்தில் பாடியதற்கு மட்டும் உடனே நோட்டீஸ் விட்டது. அனுமதியில்லாமல் மேடையில் பாடக் கூடாதாம், சொந்தப் பாட்டை! அருள் கிடாரை உறையில் போட்டு மூடிவிட்டான். "விடும்மா, இனிமே தொடல" என்றான்.

வேளாங்கண்ணி மாதா முன்னால் முட்டி போட்டு அழுதேன். எழுந்தபோது ஒன்று தோன்றியது. பட்டாவில் பெயர் தப்பாக விழுந்தால் தாலுகா ஆபீஸுக்கு எப்படி எழுதுவோம்? அப்படியே எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள்: பிள்ளைகளின் பாட்டைத் திருப்பித் தரக் கோருதல். மாதம் ஒன்று, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பதினெட்டாவது போன பிறகு மேனேஜரே போன் செய்தார். "அம்மா, அஞ்சு பாட்டையும் பசங்க பேருக்கே எழுதித் தந்துடறோம். தயவுசெஞ்சு அடுத்த மாசம் அனுப்பாதீங்க."

காகிதம் வந்த அன்றே அருள் உறையைப் பிரித்தான். அவனைப் பெற எனக்குப் பத்து மாதம், அவன் பாட்டைத் திரும்பப் பெறப் பதினெட்டு மாதம்.

இப்போது பையன்களே வெளியிடுகிறார்கள். நாலு நிமிஷம்தான்; ஒரே ஒரு பாட்டை முழுசாகக் கேளுங்கள்.