பாலம் தாண்டும் புழுக்கள்

கோணியின் மடிப்பை விரித்து, புறா இறகால் ஒவ்வொரு புழுவாக வருடி எடுத்து டப்பாவில் விடுகிறார் யாங்டோல். உதடுகள் மந்திரத்தை முணுமுணுத்தபடி இருக்கின்றன. ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "வா தாயே, உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்று ஓர் அதட்டல். பிறகு விட்ட இடத்திலிருந்து மந்திரம்.

வெளியூரிலிருந்து லடாக் வந்து நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா இவர். வீட்டைச் சுற்றி, சிந்து நதிக்கரை வரை ஆப்பிள் மரங்கள். அவற்றைக் கெடுப்பது ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி. விரல் நகத்தளவுதான், சிறகு நுனியில் செம்பைத் தேய்த்தாற்போல் ஒரு பொட்டு. பகலெல்லாம் மரப்பட்டையோடு பட்டையாகக் கிடந்துவிட்டு, அந்தி மங்கியதும் வந்து பிஞ்சில் முட்டையிடும். புழு சதைக்காக அதிகம் மெனக்கெடுவதில்லை. நேரே விதைக்குப் போகிறது. தின்று முடித்ததும் அடிமரத்துக்கு இறங்கி, பட்டை இடுக்கில் கூடு கட்டிக் குளிர்காலம் முழுக்கத் தூங்கும். அதை ஏமாற்றத்தான் மரத்தைச் சுற்றிக் கோணி கட்டுவது. இடுக்கு என்று நம்பி வந்து படுத்ததும், கோணியை அவிழ்த்து எரித்துவிட வேண்டும்.

கட்டுவது வரை யாங்டோலுக்குச் சம்மதம். "தூங்குறதப் போய்க் கொளுத்துவாங்களா? அடுத்த பிறவியில நானே ஒரு ஆப்பிளுக்குள்ள பொறந்தா?"

ஆகவே டப்பாவோடு பாலம் தாண்டி, அக்கரைப் பாப்ளர் மரங்களின் பட்டையில் அவற்றைப் பத்திரமாகச் செருகிவிட்டு வருவார். சில வருடங்களாக இப்படித்தான். இவர் பழம் கண்ணாடிபோல் மின்னுகிறது. பாப்ளர்களுக்குப் பின்னால் கொழுந்தன் மொருப்பின் தோட்டம். அவன் பழத்தை லே நகர வியாபாரி இந்த வருடமும் வேண்டாமென்று திருப்பிவிட்டார்.

நேற்று நானும் கூடப் போனேன். பாலத்தின் நடுவில் மொருப் வழிமறித்து, டப்பாவை வாங்கித் திறந்தான். மறுபடியும் பழம் திரும்பி வந்தால் தன் மரங்களை வெட்டி விறகாக்கிவிடுவதாகச் சொன்னான்.

"அப்ப என் தோட்டம் பூரா உங்க புண்ணியம்தானா, அண்ணி?"

"அதுங்க உன் வீட்டுக்குத்தான் வரும்னு நான் கண்டேனா? எங்க போறீங்கன்னு கேட்டா சொல்லுதுங்க?"

"வெளியாள் ஒருத்தரை விட்டுக் கொளுத்த வேண்டியதுதானே? ஊரே அப்படித்தான் செய்யுது. பாவம் கொளுத்துனவங்களோட போயிடும்."

யாங்டோல் அக்கரை மரங்களைப் பார்த்தார். கொழுந்தன் முகத்தைப் பார்த்தார். பிறகு டப்பாவை அவனிடமிருந்து வாங்கி, மூடியை அழுத்தி, அங்கி நுனியால் துடைத்து, துறவிகளுக்குக் காணிக்கை கொடுப்பதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.