ஜாலிச் சுவரில் மாட்டிய தம்பி

ஆவடிக்கு அந்தப் பக்கம், பல்கலைக்கழக மாணவிகள் விடுதியில் அம்மா காவலாளியாக இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் கட்டிய கட்டடம். வெயில் தங்காமல் காற்று மட்டும் வரும்படி, தாழ்வாரம் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை வட்ட வட்டத் துளைகளோடு சிமெண்ட் ஜாலி. அதைப் படம் பிடிக்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசலில் பலகை வைத்தபின் ஓர் ஆணி அடிக்கக்கூட எங்களுக்கு அனுமதியில்லை. காலண்டர் அரிசி டின்மேல் சாய்ந்து நின்றது.

கோடை விடுமுறையில் மாணவிகள் ஊருக்குப் போயிருந்தார்கள். நான்கு வயதுத் தம்பி இரண்டாவது மாடி ஜாலிக்குள் தலையை விட்டு, கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டான். போன தலை திரும்பவில்லை.

அம்மா ஓடிவந்து எண்ணெய் தடவினாள், சோப்பு போட்டாள். காதுகள் வீங்கியதுதான் மிச்சம். விடுதி மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். அவரும் படியேறி ஓடிவந்தார்.

"செவுத்துல கை வெச்சிடாதம்மா. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாச்சு. மேல கேட்டுட்டு வரேன்" என்று போனோடு தாழ்வாரத்தின் கோடிக்குப் போனார்.

வண்டி ரயில்வே கேட்டில் நிற்பதாகத் தகவல் வந்தது. மேற்கு வெயில் தம்பியின் முகத்தில் நேராக அடித்தது. உள்ளே நின்ற எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் அழுதான். பிறகு அழுகையும் நின்றுவிட்டது. அம்மா படியிறங்கி ஓடினாள்.

அம்மா தோட்டக் கொட்டகையிலிருந்து சம்மட்டியோடு வந்தாள்.

"வேணாம்மா, உன் வேலைக்கே ஆபத்து" என்றார் மேற்பார்வையாளர்.

"புள்ள சத்தமே இல்லாம கீறான். செவுரு இன்னா சார் பெரிய செவுரு?"

ஈரத் துண்டை அவன் கழுத்தைச் சுற்றித் திணித்துவிட்டு, "கண்ண மூடிக்கடி" என்று என்னிடம் சொன்னாள். பக்கத்துத் துளையின் விளிம்பில் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் தம்பியின் உடம்பு என் கைக்குள் அதிர்ந்தது. சிமெண்ட் உதிர்ந்ததும், எண்ணெயும் புழுதியுமாக அவன் என்மேல் சரிந்தான். தண்ணீர் கேட்டான். மேற்பார்வையாளர் அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, கீழே சிதறிக் கிடந்த துண்டுகளை எட்டிப் பார்த்தார்.

அடுத்த மாதம் சாமான்களை ஆட்டோவில் ஏற்றி, வெள்ளானூரில் வாடகை வீட்டுக்குப் போனோம். அம்மா அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போனாள். விடுதியை ஏன் விட்டீர்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். தம்பிக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே பயம், அதனால் அம்மாதான் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன், பெருமையாக.

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.