நான் அழித்த இருபத்தேழாவது வரி

என் மச்சாள் வாணியிடம் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் ஐந்து மாதம் இரத்தம் சிந்தினாள்.

மலம் கழிக்கும்போது வரும் இரத்தம். அதைத்தான் சொல்கிறேன். முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்! நானும் அப்படிச் சுளித்ததால்தான் இது நடந்தது.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். பிழையை மறைப்பவர்களை எனக்குப் பிடிக்காது... பிடிக்காதாம்!

எனக்குக் குழந்தை பிறந்த நான்காம் நாள் ஆசனவாயில் வெடிப்பு வந்தது. கண்ணாடித் துண்டு வெளியேறுவது போன்ற வலி. கணவரின் வெள்ளவத்தை வீட்டில் மாமி தண்ணீரைக்கூட அளந்து தந்தார். "கனக்கக் குடிச்சா வயிறு வைக்கும், பிள்ளை." மூன்று வேளையும் சோறும், மிளகும் மல்லியும் வறுத்தரைத்த சரக்குக் கறியும். கீரை இல்லை, பழம் இல்லை.

கிளினிக் நாளில், மாமி குழந்தையோடு வெளியே இருந்தபோது, மருத்துவரிடம் சொன்னேன். நான்கே விடயங்கள்: தண்ணீர், பழம், மலத்தை இளக்கும் பாணி மருந்து, வெதுவெதுப்பான நீரில் உட்காருதல். களவாகச் செய்தேன். ஆறியது.

அடுத்த ஆண்டு கணவரின் தங்கை வாணி கர்ப்பமானாள். பிரசவத்துக்கு என்னென்ன தேவையென்று கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் பட்டியல் கேட்டாள். நாற்பது வரிகள் எழுதினேன். இருபத்தேழாவது வரியில் அந்த நான்கும் இருந்தன. ஆனால் பட்டியல் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். மாமா வாசிப்பார்... அழித்தேன். நாற்பது குறையக்கூடாதென்று அந்த இடத்தில் இன்னொரு சோடி குழந்தைக் காலுறை சேர்த்தேன்!

பிரசவமான பத்தாம் நாள் பார்க்கப் போனேன். சமையலறையில் மாமி மகளுக்குச் சரக்கு வறுத்துக்கொண்டிருந்தார். வாணி என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி... உங்களுக்கும் பின்னால இரத்தம் வந்ததோ?"

"அங்க என்ன குசுகுசுக்கிறியள்?" மாமியின் குரல்.

"எனக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை" என்றேன்.

"அப்ப என்ர உடம்புதான் பிழை போல."

அந்தச் சொல்! பிழை! அதை அவள் தன் மேல் எழுதிக்கொண்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரை அளந்த மாமியின் மேல் எனக்குக் கோபம். பிரசவத் தையலைப் பார்த்தும் இதைக் கேட்காத தாதிமார் மேல் கோபம். ஆனால் வாணி அவர்களிடமா கேட்டாள்? யார் அனுபவித்திருந்தார்கள்? நான்தானே!

கழிப்பறைக்குப் பயந்து வாணி சாப்பாட்டைக் குறைத்தாள். உட்கார்ந்து பால் கொடுக்க முடியாமல் சரிந்து கிடந்தாள். கடைசியில், ஐந்தாம் மாதம், சத்திரசிகிச்சை. துணைக்கு என்னைத்தான் கூட்டிப்போனாள்.

"ஏன் இவ்வளவு நாள் விட்டனீங்கள்?" என்று மருத்துவர் அதட்டினார். "முதல் கிழமை வந்திருந்தா பாணியோடயே மாறியிருக்கலாம்."

"எனக்கு மட்டும்தான் இப்பிடி எண்டு நினைச்சன், டொக்டர்."

நான் அவளுடைய மருந்துகளை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். நேர்த்தியாக... எண்ணிட்டு!

திரும்பும் வழியில் அவள் முச்சக்கரவண்டியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் விரல்கள் என் தோளில் இறுகின.

"உங்களுக்கு வந்திருந்தா எனக்குச் சொல்லியிருப்பீங்கள் தானே, அண்ணி?"

"ஓம்" என்றேன்.