இருமலுக்கு நன்றி

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தியிருந்தபடி, மூன்றாம் மாடிக் கதவிடுக்கில் தெரியும் செருப்புக் கால்களிடம் கேட்கிறார் மெக்கானிக்.

"எதுங்க?"

"யாரோ இருமினாங்களே."

"நான்தாங்க இருமினேன்."

"அப்பாடா! ரொம்ப நன்றிங்க."

நன்றி வாங்கிய கால்கள் வேகமாக நடையைக் கட்டுகின்றன.

மெக்கானிக்கின் அப்பாவுக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. அண்ணனுக்கும் இளவயதில் வந்தது. ஆளில்லாத இடத்தில் குரல்கள் கேட்டன. அடுத்து தன் முறைதான் என்று தம்பியான இவர் அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டார். எல்லா மாடிப் பேச்சும் கலந்து விழுகிற லிஃப்ட் குழியில் பிழைப்பு அமைந்ததுதான் விதியின் குசும்பு.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார்: "ரத்த சொந்தத்துல இருந்தா வாய்ப்பு கொஞ்சம் அதிகம், வாஸ்தவம். ஆனா அப்படிப்பட்ட குடும்பத்துலயும் பெரும்பாலானவங்களுக்கு வர்றதில்ல. வந்தாலும் அநேகமா சின்ன வயசுலயே ஆரம்பிச்சிடும்."

"எனக்கு எல்லாமே லேட்டுங்க டாக்டர். கல்யாணமே முப்பத்தெட்டுலதான்."

மனைவியிடம் கேட்டால், "உங்களுக்கா குரல் கேக்கும்? நான் கூப்பிடுறதே கேக்க மாட்டேங்குது!"

போன வாரம் குழிக்குள் ஒரு குரல்: "டேய் குண்டா, இறங்குடா கீழே!" சின்ன வயதில் வீட்டில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேட்டு உறுதி செய்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மருந்தை ஒருநாளும் தவறவிடாதவர். அந்த வீட்டிலேயே நிதானமானவர் அவர்தான்.

"வேற என்ன சொல்லுச்சு?"

"'மேசை மேல ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்றது'ன்னுச்சு."

"நீ மேசை மேலயா இருந்த?"

"இல்ல... லிஃப்ட் மேல."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யார் வீட்டுப் புள்ளையையோ அவங்கம்மா திட்டியிருக்கா. ஊர் உலகத்துல நீ ஒருத்தன்தான் குண்டனா? எனக்குக் கேட்ட குரலுங்க இத்தனை வருஷத்துல உன்னைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிச்சதில்லடா."

தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "பயமா இருக்குண்ணா."

"எனக்கும் இருந்துச்சு. வந்தும் தொலைச்சுது. இதோ, வெங்காயம் நறுக்கிட்டுதான இருக்கேன்?"

சாப்பாடு முடிந்து அண்ணன் மாத்திரை டப்பாவைத் திறந்தபோது தம்பி பக்கத்தில் வந்து கையை நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும், எனக்கும் ஒண்ணு குடு."

அண்ணன் டப்பாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து, காகிதம் உரித்து, அந்த உள்ளங்கையில் வைத்தார். தம்பி அதை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு மடக்கென்று விழுங்கினார்.