பத்துச் சட்டைக்கு இருபது இடது கை

தையல் வேலையில் தைக்க ஆகும் நேரத்தைவிடக் கத்திரிக்கோலைத் தேட ஆகும் நேரம்தான் அதிகம். கைக்குழந்தையோடு வீட்டில் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நயா பைசா வந்த புதிது. திருவானைக்காவலில் எங்கள் தெருக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தை நடத்தும் மதர், பத்து வெள்ளைச் சட்டைக்குத் துணி கொடுத்தார். பள்ளி திறக்கப் பத்தே நாள். அதற்குள் கொடுத்தால் மற்ற பிள்ளைகளின் சட்டையும் எனக்கு. தவறினால் டவுன் கடைக்கு. எனக்கோ ஒரு சட்டைக்கு இரண்டு நாள் ஆகும். வேகம் ஒரே நாளில் வந்துவிடுமா? தினம் ஒரு தொல்லையை மட்டும் சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

இடுப்பில் கத்திரிக்கோல்

முதல் நாள், கத்திரிக்கோலை நாடாவில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டேன். தேடுகிற வேலை ஒழிந்தது. ஆனால் அது தொங்குவதே மறந்து, குடத்தோடு தெருக்குழாய்க்குப் போய்விட்டேன். வழக்கமாக என்னை இடித்துத் தள்ளும் கூட்டம் அன்று தானாக விலகியது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா குரல் கொடுத்தார்: "தள்ளிக்குங்கடி, ராசாத்தி இன்னிக்கு ஆயுதத்தோட வந்திருக்கா!"

தூளியும் மிதிபலகையும்

இரண்டு வரி தைப்பதற்குள் பாப்பா எழுந்துவிடுவாள். தூளியில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையை மெஷின் மிதிபலகையில் முடிந்தேன். நான் மிதித்தால் தூளி ஆடும். அருமையான ஏற்பாடு, ஒரே குறை, மிதிப்பதை நிறுத்தினால் அழுகை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் காபிக்காக ரொம்ப நேரம் நின்று பார்த்தார். "எங்க ஒர்க்‌ஷாப்புலகூட சங்கு ஊதினா மெஷினை நிறுத்துவாங்க. இங்க சங்கு எப்ப?"

மொத்தமாகச் செய்த தப்பு

ஒவ்வொரு சட்டையாகத் தைக்காமல், ஒரே வேலையைப் பத்துக்கும் சேர்த்துச் செய்தால் கை பழகும் என்று கண்டுபிடித்தேன். எட்டாம் நாள் இருபது கைகளுக்கும் ஒரே மூச்சில் ஓரம் மடித்து அடித்தேன். மறுநாள் சட்டையின் உடம்போடு பொருத்தும்போதுதான் தெரிந்தது, இருபதும் இடது கை! பத்தைப் பிரித்துத் திருப்பி அடிக்க வேண்டும். மிச்சம் ஒரே நாள். அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் பிளேடோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "குடு இப்படி. இஞ்சினையே பிரிக்கிறவன், இதைப் பிரிக்க மாட்டேனா?"

அன்றிலிருந்து, எதைச் செய்தாலும் முதலில் ஒன்றை முழுசாகத் தைத்துப் பார்ப்பேன்.

மதர் பார்த்தது

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் பத்தையும் இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். மதர் ஒவ்வொரு கையாக இழுத்து, தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். கடைசியில் அலமாரியைத் திறந்தார். "நல்லா இருக்கும்மா. சொன்ன நேரத்துக்குக் கொடுத்துட்டீங்க. மிச்சம் அறுபது சட்டைத் துணி இருக்கு, கையோட எடுத்துட்டுப் போங்க."

வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பழகினால் கொஞ்சம் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்தவள்தான் நான்.