கடைசி ஸ்டாப் வரை போன எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இன்று காலை இறந்துவிட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காலையிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

நானும் அக்காவும் ஒரே பனியன் கம்பெனியில் ஆறு வருடம் இருந்தோம். அவர் டைலர். அவர் தைத்துப் போடும் டி-ஷர்ட்டைப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் சொல்லும் செக்கிங் வேலை எனக்கு.

அக்கா தைத்ததை ரிஜெக்ட் செய்ததாக ஞாபகமே இல்லை.

போன வருடம் நானும் டிசைனர் ஃப்ரெண்ட் பூபதியும் ஒரு ஆர்ட் ப்ராஜெக்ட் பிளான் பண்ணினோம். முப்பது பேர் சேர்ந்து திருப்பூருக்கு ஒரு மேப் செய்வது. ஆளுக்கு ஒரு துண்டு பனியன் துணி. ஊரில் ஓரிடத்தை நடந்து பார்த்து, பார்த்ததைத் துணியில் வரைந்து தைக்க வேண்டும். எல்லாத் துண்டையும் இணைத்தால் முழு ஊர்.

கம்பெனியில் சொன்னதும் முதலில் பேர் கொடுத்தது எஸ்தர் அக்காதான்.

ராயபுரத்தில் பூபதி வீட்டு மாடியில் முதல் மீட்டிங். யார் எங்கே போவது என்று அவன் லிஸ்ட் போட்டு வைத்திருந்தான். ரயில்வே ஸ்டேஷன், பழைய பஸ் ஸ்டாண்ட், ஆற்றுப் பாலம், மார்க்கெட்... இப்படி முப்பது இடம்.

அக்கா லிஸ்ட்டை நிதானமாகப் படித்தார்.

"ஏ தம்பி, தூத்துக்குடியில இருந்து நான் இங்க வந்து பத்தொம்பது வருசமாவுது. இதுல ஸ்டேஷன் மட்டுந்தான் பாத்திருக்கேன். அதுவும் ஊருக்குப் போகதுக்கு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"கேலிக்குச் சொல்லல. வீடு, கம்பெனி, சர்ச்... இம்புட்டுதான் நான் பாத்த திருப்பூர். நீ எதுக்கு எடம் பிரிச்சுக் குடுக்க? அவங்கவங்க இதுவரைக்கும் போவாத எடத்துக்குப் போவட்டும்."

"அப்படி உட்டா எல்லாரும் ஒரே பக்கம் போயிருவாங்களேங்க்கா? மேப்பு எப்படீங்க சேரும்?" என்றான் பூபதி.

"யாரும் போவாத எடம் ஓட்டையா இருக்கட்டும். என்ன இப்போ?"

பூபதி லிஸ்ட்டை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அதை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் அக்கா ஏதோ ஒரு டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப் வரை போனார். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பஸ்.

ஒரு நாள் மதியம் போன். "பிள்ள, முதலிபாளையத்துல நிக்கேன். சுத்தி பூரா கம்பெனி. லீவு நாளுன்னு ஒரு ஆளக் காணும். வழி கேக்கதுக்கு ஒரு நாய்தான் நிக்கி."

"பயமா இருக்குங்களா? வண்டி எடுத்துட்டு வரட்டுங்களா அக்கா?"

"வேண்டாம் வேண்டாம். சும்மா சொல்லணும்னு தோணுச்சி... நல்லாருக்கு."

கம்பெனியில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மேப் ரெடியானது. அங்கங்கே ஓட்டைகளோடுதான்.

ஹால் கொடுப்பதாகச் சொன்ன இன்னொரு கம்பெனி ஓனர் வந்து பார்த்தார். "நல்லாருக்குதுங்க. ஆனா ஓட்டை டேமேஜ் மாதிரி தெரியுதுங்க. ஒரு துணி வச்சு மூடிருங்க, ஹால் உங்களுக்குத்தான்."

திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூடிவிடலாம் என்று பூபதி சொன்னான். நானும் சொன்னேன்... அதை மறைக்க விரும்பவில்லை.

அக்காவுக்கு என் மேல்தான் கோபம். "நீ செக்கிங். ஓட்டையப் பாத்தா உனக்குக் கை பதறும். ஆனா இது நாம போவாத எடம் பிள்ள. மூடினா போயிட்டோம்னு பொய் சொன்னது மாதிரில்லா?"

மறுநாள் லஞ்ச் டைமில், கழுத்தில் ஐடி கார்டோடு அவரே அந்த ஓனரைப் பார்க்கக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, இந்த ஓட்ட இருக்க எடத்துக்கு நீங்க போயிருக்கீயளா? போயிருந்தா சொல்லுங்க, துணி தாறேன். நீங்களே வரைஞ்சு தைங்க. போவாத எடத்த நான் எப்படி மூட?"

ஓனர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லீங்க, நானும் போனதில்லீங்க" என்றார். அப்புறம், "சரீங்க, அப்படியே இருக்கட்டும்."

படி இறங்கியதும் அக்கா மணி பார்த்தார். லஞ்ச் முடியப் போகிறது என்று கம்பெனியைப் பார்க்க வேகமாக நடந்தார்.

கண்காட்சி அன்று ஹால் நிறைய கம்பெனி ஆட்கள். ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் போட்டு, வெள்ளைத் துணியும் ஊசி நூலும் வைத்தோம். அந்த இடங்களுக்குப் போனவர்கள், அங்கேயே குடியிருப்பவர்கள் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அந்த டேபிளுக்கு க்யூ.

வடமாநிலப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அக்கா தன் துண்டுக்கு முன்னால் நின்று, தெரிந்த ஹிந்தியில் விளக்கினார். "இதர் பஸ்... லாஸ்ட் ஸ்டாப்... மே கயா." நான் போனேன் என்பதை ஆண் சொல்வதுபோலச் சொன்னதில் அவர்கள் சிரிக்க, அக்காவும் சேர்ந்து சிரிக்க... அன்றைக்கு அவர் நின்ற நிமிர்வு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அவரோடு வேலை பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை.

மதியம் அவர் கணவர் சாமுவேல் அண்ணன் போனில் கூப்பிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்கிறார்களாம்.

"பேருக்குக் கீழ டைலர்னு போடச் சொன்னேம்மா. மக, ஆர்ட்டிஸ்ட்டுனும் போடணும்னு நிக்கா. போடலாமா? யாரும் தப்பா நெனைக்க மாட்டாவளே?"

"தாராளமா போடுங்கண்ணா. பெருசாவே போடுங்க."

இப்போது அக்கா குடியிருந்த மண்ணரையில்தான் இருக்கிறேன். தெருவெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள்.

எஸ்தர். டைலர், ஆர்ட்டிஸ்ட்.

நாளைக் காலை அடக்கம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க அக்கா...