முதல் பிரதிக்குப் போட்ட பூட்டு

மென்பொருள் வெளியிட மண்டபம் தேடிய ஆட்களோடு நானும் ஒரு காலத்தில் கூட்டுச் சேர்ந்திருந்தேன். வெளியில் சொல்லவே கூசுகிறது.

நாங்கள் மூன்று பேர். ஆனையூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய, ‘அண்ணன்’ என்று நாங்கள் கூப்பிடும் ஒருவர், பிளக்ஸ் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர், கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்த நான். பார்வையில்லாதவர்களுக்குத் தமிழ்ப் பாடங்களை வாசித்துக் காட்டும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். ‘செய்துகொண்டிருந்தோம்’ என்பது மரியாதைக்குச் சொல்வது. புரோகிராம் எழுதியது நான். அண்ணன் டீ வாங்கித் தந்தார். பிளக்ஸ்காரர் லோகோ போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். ஓப்பன் சோர்ஸ் என்பதால் எல்லாம் இணையத்தில் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

அப்படி எடுத்துப் பயன்படுத்தியவர் எங்களுக்குத் தெரிந்து ஒருவர்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் அக்கா வீட்டில் தங்கி, அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பார்வையில்லாத பெண். ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

“சார், வருசம் வந்தா மட்டும் வாயை மூடிக்கிருது சார். போர் நடந்துச்சுங்குது, ஒப்பந்தம் போட்டாகங்குது, எப்பன்னு சொல்ல மாட்டேங்குது. பரீட்சை நெருங்கிருச்சு சார். இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு, வயசு தாண்டிரும்.”

வரலாற்றில் ஆண்டை விழுங்கிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். இணையத்தில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வெளியீட்டுக்குத் திட்டம் போடக் கூடினோம். இன்னும் என்னென்ன பிழை இருக்கிறது என்று நான் பேச்செடுத்தேன். அவர்கள் சால்வையைப் பற்றிப் பேசினார்கள். பதிப்பு எண்ணைப் பூஜ்யத்தில் ஆரம்பிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, “நல்ல காரியத்துல பூஜ்யமா? மொய் எழுதுற மாதிரி 1.01ன்னு போடு மாப்ள” என்றார் அண்ணன். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“புத்தக வெளியீடு மாதிரி ஒரு பெரிய மனுசர் வெளியிடணும், இன்னொருத்தர் முதல் பிரதி வாங்கணும். பென் டிரைவ்ல போட்டு ஜிகினாத் தாள் சுத்திருவோம்” என்றும் சொன்னார்.

பிளக்ஸ்காரர் ரொம்ப நேரம் யோசித்தார். “அண்ணே, அதான் நெட்ல எல்லாருக்கும் கெடக்கே. அப்புறம் அது எப்படிண்ணே முதல் பிரதி?”

“ஆமால்ல! அப்ப விழா வரைக்கும் பூட்டிருவோம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அண்ணே, பூட்டிப்புட்டா அதுக்குப் பேரு ஓப்பன் சோர்ஸா?” என்று கத்தினேன். அந்தப் பெண்ணின் பரீட்சையைச் சொன்னேன். “ஒரு ஆளுக்காக விழாவைக் கெடுக்க முடியுமாப்பா? இம்புட்டு நாள் பொறுத்தாகள்ல” என்றபடியே இணையப் பக்கத்தைப் பூட்டினார். கடவுச்சொல் அவரிடம்தான் இருந்தது. மண்டைக்குள் என்ன இருந்ததோ தெரியாது.

மறுநாள் வேலை முடிந்ததும் கப்பலூரிலிருந்து நேராக மாட்டுத்தாவணிக்கு பஸ் ஏறினேன். என் கம்ப்யூட்டரிலிருந்த திருத்திய பிரதியை அவருடைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டவர், “சொல்லுது சார், வருசத்தைச் சொல்லுது!” என்று அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். அந்த ஒரு சத்தத்துக்கு அவர்கள் மண்டபம் ஈடாகுமா?

பெரிய மனுசர் தேதி கொடுக்க இழுத்தடித்தார், ஒருவழியாகக் கொடுத்தார். உடனே அண்ணனுக்கு இன்னொரு யோசனை. “முதல் பிரதியை அந்தப் பிள்ளையே வாங்கட்டும். கண்ணு தெரியாத பிள்ளை, போட்டோவுல உருக்கமா இருக்கும்.” பொறுக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூட்டியது யாருக்கு எதிராக என்பதே அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

போனில் ஸ்பீக்கரைப் போட்டு, குழைந்து குழைந்து விழாவுக்கு அழைத்தார். அந்தப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அதை நான் எப்பவோ வாங்கிட்டேனே சார். எங்க கோச்சிங் கிளாஸ்ல கேட்டவுகளுக்கெல்லாம் குடுத்தாச்சு. நீங்க சொல்ற அன்னைக்குத்தான் சார் எனக்குப் பரீட்சை. நான் எழுதப் போறேன். மேடைக்கு வேற யாரையாச்சும் பார்த்துக்கங்க.”